ஏழாவது மெயில்

பிற்பகல் இரண்டு இருபதுக்கு, வரவேண்டிய முப்பத்தெட்டு மெயில்களில் ஏழாவதில் வந்து நின்றுவிட்டது கோமதிநாயகத்தின் கணினி. பச்சைக் கோடு முக்கால் தூரம் ஊர்ந்து வந்தது, அதற்கு மேல் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் ஆறின கஞ்சி மாதிரி வெளுத்து, உச்சியில் பதிலளிக்கவில்லை என்று எழுதிக்கொண்டது. அவர் கையை மௌஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். காத்திருப்பதுதான் அவருக்குத் தெரிந்த முதல் வைத்தியம். நாளிதழின் திருநெல்வேலிப் பதிப்பில் விளம்பரப் பக்கங்கள் அவர் பொறுப்பு. கல்யாண வாழ்த்து, கடைத் திறப்பு, காலமானார், நினைவஞ்சலி என்று சுற்று வட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறதை மெயிலில் இறக்கி, அளவு பார்த்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்து மணிக்குள் மேலே தள்ளிவிட வேண்டும். ஐந்தைத் தாண்டினால் செய்திப் பிரிவில் அந்த இடத்தை வேறு எதையாவது வைத்து அடைத்துவிடுவார்கள், பிறகு செத்தவர் இன்னொரு நாள் காத்திருக்க வேண்டியதுதான். இன்னும் நேரம் இருந்தது. மத்தியானம் சாப்பிட்ட தயிர்சாதமும் நார்த்தங்காயும் அடிநாக்கில் புளித்துக்கொண்டிருந்தன. மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. பிப்ரவரியிலேயே இப்படி என்றால் சித்திரையில் எப்படி இருக்கும் என்று நினைத்தார், ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதையேதான் நினைக்கிறோம் என்றும் நினைத்தார், போன பிப்ரவரி தவிர, போன பிப்ரவரியில் வெயிலை யார் பார்த்தார்கள், என்று நினைப்பு அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி மௌஸைப் பிடித்து, வெளுத்த திரையின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினார்.

திரும்பத் திறந்தார். ஒன்றிலிருந்து தொடங்கியது. இந்தப் பழைய மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு, பாதியில் நின்றால் அதுவரை இறக்கியதை இறக்கியதாகவே எடுத்துக்கொள்ளாது, திரும்ப முதலிலிருந்து கொண்டுவந்து போடும். வள்ளியூர் நகைக்கடைத் திறப்பு விழா வந்தது, களக்காட்டில் காலமான மிராசுதார் வந்தார், அம்பாசமுத்திரத்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் மூன்றாம் ஆண்டு நினைவுக்கு மாலையோடு வந்தார், ஆறு முடிந்து ஏழு என்று எழுத்து மாறியது, பச்சைக் கோடு அதே முக்கால் தூரத்துக்கு வந்து அதே இடத்தில் படுத்தது. இப்போது பெட்டியில் தலைமை ஆசிரியர் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே மாலை, ஒரே மூக்குக்கண்ணாடி. அவர் எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேஜைக்கு அடியில் இருந்த மோடத்தின் வயரைப் பிடுங்கினார். பிடுங்கினால் கொஞ்ச நேரம் விட்டுச் சொருக வேண்டும், ஏன் என்று யாரும் சொன்னதில்லை, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், வாசல் கவுண்டரில் உட்கார்ந்து விளம்பரம் வாங்குகிற எப்சிபா, அவர் மேஜைக்கு அடியில் கிடப்பதை எட்டிப் பார்த்து, அண்ணாச்சி, மெயில் வந்துட்டா, இல்ல உங்களை மாதிரி அதுவும் மத்தியானம் படுத்துட்டா என்று கேட்டாள். படுத்துட்டும்மா என்றார். அவள் பாளையங்கோட்டைக்காரி, பதினோரு வருஷமாக அந்தக் கவுண்டரில் இருக்கிறாள், துக்கத்தோடு வருகிறவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் அளவைக் கேட்பாள், மற்றவர்களிடம் வாய் சும்மா இராது. சுரண்டை ஏஜெண்டாத்தான் இருக்கும் என்றாள். அவருக்கும் அதே சந்தேகம்தான். சுரண்டை ஏஜெண்டுக்கு என்றைக்கோ ஒருநாள், படத்தையும் எழுத்தையும் தனித்தனியாக அனுப்பாதே என்று யாரோ சத்தம் போட்டுவிட்டார்கள், அன்றிலிருந்து அந்த மனிதர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் ஒட்டி, நாலு மூலையிலும் ரோஜாப்பூ வைத்து, செத்தவருக்கு மின்னுகிற விளக்கு வேறு ஏற்றி அனுப்புவார். போன் போட்டுக் கேட்டதில் இன்றைக்கு ஒன்றுமே அனுப்பவில்லை, குற்றாலத்தில் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்பில் இருக்கிறேன் என்றார். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. உண்மையாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தடவை வயரைச் சொருகிவிட்டுக் கணினியையே அணைத்துப் போட்டார். திரை கறுத்துப் போய் அதில் அவர் முகம் தெரிந்தது. பக்கவாட்டு வெளிச்சத்தில் கன்னம் தொங்கி, அம்மா முகத்தைக் கொஞ்சம் ஆணாக்கினால் இப்படித்தான் இருக்கும். காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிக்கும்போதே தெரியும், நாளைக்குப் பன்னிரண்டு, அம்மா தவறி ஒரு வருஷம். மனைவிக்கும் தெரியும், காப்பியை வைத்துவிட்டு நகர்ந்தாள். திதி ஜனவரிக் கடைசியிலேயே வந்து போய்விட்டது. அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன் இளையவன் என்பதால் திதியும் அவனே கொடுக்க வேண்டும் என்கிறவர்கள் இருக்கிறார்கள், மூத்தவன் இருக்க அவன் எதற்கு என்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு தரப்பும் அவர்கள் சொந்தத்திலேயே இருக்கிறது, ஆகவே அண்ணன் பாபநாசத்தில் கொடுத்தார், இவர் குறுக்குத்துறையில் கொடுத்தார். ஒரே ஆறு. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அண்ணன் மேலே விட்ட எள்ளும் தண்ணீரும் இந்நேரம் நம் காலை உரசிப் போகுமோ என்று நினைத்தது ஞாபகம் வந்தது, நடுவில் இத்தனை அணைக்கட்டு இருக்கிறது, அன்றைக்கே எங்கே வந்து சேரும், என்று அங்கேயே அதைத் திருத்திக்கொண்டதும் ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்தித் திருத்தி மனசும் அப்படியே ஆகிவிட்டது. நாளைக்கு ஒரு சின்ன நினைவஞ்சலி, இரண்டு பத்தி அகலத்தில், தானே போட்டுவிடலாமா என்று ஒரு மாதமாக நினைத்து நினைத்து விட்டுவிட்டார். அண்ணனும் போட்டால்? ஒரே ஆத்தாவுக்கு ஒரே நாளில் இரண்டு விளம்பரம், ஒன்றின் அடியில் மூத்தவன் குடும்பம், இன்னொன்றின் அடியில் இளையவன் குடும்பம். வருஷத்துக்கு நாலைந்து இப்படி வரத்தான் செய்கிறது. ஒரே முகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதே, ஒன்றை உள்ளே தள்ளு என்பது அலுவலகத்து வழக்கம், அவரே எத்தனையோ அம்மாக்களைப் பிரித்து ஒன்றை ஐந்தாம் பக்கத்திலும் ஒன்றை ஒன்பதிலும் வைத்திருக்கிறார், வைத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள், அவரும் கூடத்தான். தன் அம்மாவை அப்படிப் பிரித்து வைக்கிற கை தனக்கு இல்லை என்று விட்டுவிட்டார்.

கணினி விழித்துக்கொண்டது. மென்பொருளைத் திறந்ததும் நகைக்கடை, மிராசுதார், தலைமை ஆசிரியர், இப்போது மூன்று பேர். இதுவும் அந்த மென்பொருளைப் போலத்தான் ஓடுகிறது என்று தன் நினைப்பைப் பற்றி அவருக்கே அலுப்பாக இருந்தது, எங்கே தொடங்கினாலும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். அம்மா தவறியது காலை எட்டு மணிக்கு, தென்காசியில் அண்ணன் வீட்டில். சாயங்காலமே எடுத்தாயிற்று. மறுநாள் பேப்பரில் வரவேண்டும் என்று அண்ணன் மருமகன், ஓட்டுக்குக் கொடுத்த அடையாள அட்டையில் இருந்த படத்தைக் கைப்பேசியில் பிடித்து அனுப்பினான். அலுவலகத்தில் அன்றைக்கு இவர் நாற்காலியில் இருந்தது மாற்றுக்கு வந்த ஆள், அவன் கிடைத்ததை வைத்தான், அச்சில் மை கொஞ்சம் கூடுதலாகப் போயிற்று. உலகம்மாள், வயது எண்பத்தொன்று, என்று பெயருக்கு மேலே ஒரு கறுப்புத் தீற்றல். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதை வைத்துத்தான் மனுஷ முகம் என்று சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் விசேஷத்தில், எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, பாயசம் ஊற்றிக்கொண்டு வந்த அண்ணன் இவர் இலைக்கு முன்னால் நின்றார். ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் மூஞ்சி பளிச்சுன்னு வருது, பெத்தவ மூஞ்சி மட்டும் கரியாப் போச்சு, பேப்பர்க்காரன் வீட்டுச் சாவு பாத்துக்கிடுங்க என்று பந்திக்கே சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். இவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பதில் அப்போது வரவில்லை. பதில் வந்தது திரும்பி வருகிற பஸ்ஸில், ஆலங்குளம் தாண்டும்போது, ஒரு வாக்கியமாகக்கூட இல்லை, தோளில் ஒரு ஈரமாகத்தான் வந்தது. இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு வரவா முடியும். அதற்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஒரு வருஷம், ஆலங்குளத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது அந்தப் பதில். பச்சைக் கோடு படுத்தது. திரை வெளுத்தது. அவர் மதுரை தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

கணினிகளைப் பார்த்துக்கொள்கிற முபாரக்கின் குரல் எப்போதும் ஏதோ ஒரு மெஷின் பக்கத்திலிருந்துதான் வரும். முகத்தைப் பார்த்ததில்லை, பத்து வருஷமாகக் குரல் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும், இருங்க சார், பெட்டியை வெளியேருந்து பாக்குறேன் என்றான். விசைப்பலகையின் சத்தம் கேட்டது. கோமதிநாயகம் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். இதோ இருக்கு சார் என்றான் முபாரக், ஏழாவதா ஒண்ணு எருமைமாடு மாதிரி குறுக்க படுத்திருக்கு, இருபத்துநாலு எம்பி, உங்க ஊர் லைனுக்கு இது இறங்குறதுக்குள்ள மென்பொருள் மூச்சை விட்டுருது, பின்னாடி முப்பத்தொண்ணு வரிசையில நிக்குது, தூக்கிரட்டா? தூக்கிரு என்று வாய் வரை வந்தது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம் ஒன்று குறுக்கே வந்து, யார் அனுப்பினதுன்னு பாரு தம்பி என்று சொல்ல வைத்தது. அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். ஆவுடை ஸ்கேன்ஸ், தென்காசி. தலைப்புல உலகம்மாள் நினைவஞ்சலின்னு இருக்கு சார்.

மின்விசிறியின் சத்தம் கூடியது போலிருந்தது. ஆவுடை என்றால் ஆவுடையப்பன், அண்ணன். தென்காசி ரதவீதிப் பக்கம் ஜெராக்ஸ் கடை, ஸ்கேன், லேமினேஷன், பாஸ்போர்ட் படம், எல்லாம் ஒரே சின்ன அறையில். உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாக்க முடியுமா என்று கேட்டார். உள்ள பாக்க எனக்கு அதிகாரம் இல்ல சார், வெளியேருந்து தூக்கிப் போடத்தான் முடியும், தூக்கினா திரும்ப வராது, அவங்களையே படத்தைச் சின்னதாக்கித் திருப்பி அனுப்பச் சொல்லிருங்க, அவ்வளவுதானே என்றான். அவ்வளவுதான். கொஞ்சம் பொறு என்றார். நாலு மணிக்கு அசர் தொழப் போயிருவேன் சார், அதுக்குள்ள சொல்லுங்க என்று வைத்துவிட்டான். அவர் ரிசீவரை வைக்காமல் கொஞ்ச நேரம் அதன் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்துநாலு எம்பி. ஜெராக்ஸ் கடைக்காரருக்கா அளவு தெரியாது, நாள் முழுக்க மற்றவர்கள் படத்தைச் சின்னதாக்கி விண்ணப்பத்துக்குக் கொடுக்கிற மனுஷன். தெரிந்தேதான் செய்திருக்கிறார். ஸ்கேனரில் இருப்பதிலேயே பெரிய எண்ணை வைத்து, அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாகப் போகிறதைப் பக்கத்தில் நின்று பார்த்து, இந்தத் தடவை எப்படிக் கரியாக்குகிறான் பார்க்கலாம் என்று அனுப்பியிருக்கிறார். அந்தக் கோபத்தின் எடைதான் வந்து குறுக்கே படுத்திருக்கிறது. இதை நினைத்ததும் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வராமல் போயிற்று, ஏனென்றால் அதற்குப் பின்னாலேயே வேறொன்று வந்துவிட்டது. அடியில் பெயர்கள் இருக்கும்.

நினைவஞ்சலியில் மற்றதையெல்லாம் யாரும் படிப்பதில்லை. நீங்கள் மறைந்தாலும் உங்கள் நினைவு மறையவில்லை என்பது வரைக்கும் எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான், அலுவலகத்தில் நாலு மாதிரி வைத்திருக்கிறார்கள், எண் சொன்னால் போதும். அடியில் இருக்கிற பெயர்களைத்தான் சொந்தக்காரர்கள் விரல் வைத்துப் படிப்பார்கள். யார் பெயர் முதலில், எந்த மருமகளுடையது விட்டுப்போயிற்று, ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணின பெண்ணைச் சேர்த்திருக்கிறார்களா. விட்டுப்போன ஒரு பெயருக்காக எப்சிபாவின் கவுண்டரில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து நின்றவர்களை அவர் பார்த்திருக்கிறார். ஒரு பெண்மணி வந்து தன் பெயரை மட்டும் ஒரு தனி வரியாக மறுநாள் போட முடியுமா என்று கேட்டாள், முடியாதும்மா என்று சொல்லி அனுப்பினார்கள், அவள் பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கினது இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது. அண்ணன் தம்பி பெயரைப் போட்டிருக்க மாட்டார். அவர், மதினி, மகள், மருமகன், பேரன், பேத்தி. அதைத் தன் கையாலேயே பக்கத்தில் வைக்க வேண்டும். அளவு பார்த்து, கோடு போட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்க வேண்டும், அப்படிப் படிப்பது அவர் வழக்கம், இல்லாத ஒரு பெயரை எப்படி வாய்விட்டுப் படிக்காமல் இருப்பது. நாளைக்குக் காலையில் மாவட்டம் முழுக்க, டீக்கடை, சலூன், பஸ் ஸ்டாண்டு, எல்லாரும் பார்ப்பார்கள், பேப்பர்க்காரன் பெயர் பேப்பரில் இல்லை. முபாரக் தூக்கிவிட்டால் இது எதுவும் இல்லை. ஒரு வார்த்தை. மெயில் வரவில்லை, அவ்வளவுதான், வராத மெயில் எவ்வளவோ இருக்கிறது. நாளைக்கு அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், கடைசிப் பக்கம் வரைக்கும், பிறகு திரும்ப முதலிலிருந்து. பிறகு தம்பிதான் வேண்டுமென்றே போடாமல் விட்டான் என்பார், அதற்கு ஆலங்குளத்தில்கூட ஒரு பதில் இருக்காது. அது அம்மாவுக்கு இரண்டாவது தடவை கரி. அடிநாக்கில் நார்த்தங்காய் இன்னும் புளித்தது. தண்ணீர் குடித்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

எழுந்து தடுப்பு வரைக்கும் போய், ஒரு தாளில் தென்காசி நம்பரை எழுதி எப்சிபாவிடம் நீட்டினார். மெயில் பெரிசா இருக்கு, சின்னதாக்கி உடனே திருப்பி அனுப்பணும்னு ஆபீஸ்லேருந்து சொல்லுத மாதிரி சொல்லிரும்மா என்றார். இப்படி ஒரு நாளைக்குப் பத்து போன் அவள் பேசுகிறதுதான். அவள் நம்பரைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், கவுண்டரில் இருந்த பழைய ரசீதுகளில் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை. பெத்த அம்மா படத்தைச் சின்னதாக்குங்கன்னு யாரோ ஒருத்தி போன்ல சொன்னா நல்லாவா இருக்கும் அண்ணாச்சி என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தார், எப்படித் தெரியாமல் இருக்கும் என்றும் நினைத்தார், போன வருஷம் அந்தத் தீற்றல் வந்த பேப்பரை எடுத்து மடித்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்தவளே அவள்தான். தாளை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை, கவுண்டரில் இருந்த போனுக்கு அடியில் அதைச் சொருகி, போனைத் தடுப்பின் ஓட்டை வழியாக அவர் பக்கம் நகர்த்தினாள். நாற்காலி இல்லை. நின்றுகொண்டே பேச வேண்டும். கைப்பேசியில் கூப்பிட்டால் தன் பெயர் தெரியும், எடுக்க மாட்டார், அலுவலக நம்பரில் கூப்பிட்டால் வாடிக்கையாளர் என்று எடுப்பார், என்று இதுவரைக்கும் யோசித்து வைத்திருந்தது ஒரு விதத்தில் உதவியது. ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். முழங்கால் வலித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, கடையில் ஆள் இல்லை போலும், வைத்துவிடலாம், ஐந்து தடவைக்கு மேல் அடித்தால் வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார்கள்.

ஆவுடை ஸ்கேன்ஸ் என்றது குரல். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்தில் குரலில் கொஞ்சம் சளி கட்டியிருந்தது.

"அண்ணே, கோமதி பேசுதேன். ஆபீஸ்லேருந்து."

மெஷின் இரண்டு தாளைத் தள்ளியது. சொல்லு என்றார் அண்ணன். இவர் சுரண்டை ஏஜெண்டிடம் பேசுகிற குரலில், அப்படித்தான் பேச வந்தது, மெயில் பெரிதாக இருக்கிறது, இறங்காமல் நிற்கிறது, பின்னால் முப்பத்தொன்று நிற்கிறது, படத்தைச் சின்னதாக்கித் திருப்பி அனுப்பினால் ஐந்து மணிக்குள் வைத்துவிடலாம் என்று சொல்லி முடித்தார். சின்னதாக்கவா என்றார் அண்ணன். அது கேள்வி இல்லை.

"போன தடவை சின்னப் படம்தாம்லே கொடுத்தோம். என்ன லட்சணத்துல வந்துச்சுன்னு ஊரே பாத்துச்சு. இந்தத் தடவை அம்மா கண்ணுல இமையை எண்ணிரலாம், அப்படி அனுப்பியிருக்கேன். உங்க மிஷினுக்கு அது தாங்கலையாக்கும்?"

"இது நல்ல படம்ணே. சின்னதாக்கினாலும் முகம் வரும். நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுதேன்."

"போன தடவை எங்கலே நின்னே?"

எப்சிபா முத்திரை குத்துவதை நிறுத்தியிருந்தாள். அவர் தடுப்பின் மரத்தைப் பிடித்துக்கொண்டார், யாரோ பெயர் வெட்டி வைத்திருந்த இடம் விரலுக்குச் சொரசொரவென்று பட்டது. தோள் ஈரமாகிற மாதிரி இருந்தது, அன்றைக்குச் சுடுகாட்டில் குடத்தில் மூன்று ஓட்டை போட்டார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று, தண்ணீர் முதுகில் வழிந்து வேட்டியை நனைத்தது, கனமாக இருக்கும் என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை, கால் பின்னியபோது பின்னாலிருந்து ஒரு கை இடுப்பைப் பிடித்துக்கொண்டது, யார் கை என்று திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை, ஆனால் தெரியும்.

"அம்மா தலைமாட்டுல நின்னேன்ணே. அன்னைக்கு அஞ்சு மணிக்குக் கொள்ளிக்குடம் என் தோள்ல இருந்துச்சு. நீங்கதான் தூக்கி வச்சீங்க."

அந்தப் பக்கம் மெஷின் நின்றுபோயிருந்தது. யாரோ வாடிக்கையாளர் ஆதாரை ரெண்டு பக்கமும் எடுக்கணும் என்று சொன்னது கேட்டது. இருங்க என்றார் அண்ணன், அந்த ஆளிடம். வாசலில் ஒரு ஆட்டோ நின்று, சத்தம் ஓய்ந்து, திரும்பக் கிளம்பிப் போயிற்று. வைத்துவிட்டாரா என்று ரிசீவரைக் காதோடு அழுத்தினார், மூச்சு கேட்டது, சளி கட்டிய மூச்சு.

"எத்தனை கேபிலே வேணும்?"

ஐந்நூறு இருந்தால் தாராளம் என்றார் இவர். அப்படியே வாசகம் என்ன என்று கேட்க வாயெடுப்பதற்குள் அண்ணன் அவசரமாக, கடைக்காரக் குரலில் பேசினார். பேரெல்லாம் அதுலயே அடிச்சிருக்கேன், ஆறு பேரு, உன் பேரு இல்ல என்றார். சரிண்ணே என்றார் இவர். கேட்டுவிட்ட பிறகு அது அவ்வளவு ஒன்றும் கனமாக இல்லை, அல்லது கனம் பிறகு வரும்.

"அடிக்கத்தான் உக்காந்தேன். என் பேரை அடிச்சேன், அதுக்கு அடுத்து உன்னுது, அதுக்குக் கை போகல. எங்க போடணும்னு உனக்குத் தெரியும்லா, அதானே உன் தொழிலு. நீயே போட்டுக்கோ."

வைத்துவிட்டார். எப்சிபா குனிந்து முத்திரையை மையில் ஒற்றினாள், ஒரு டம்ளர் தண்ணீரைத் தடுப்பின் மேல் வைத்தாள். அதை அவள் யாருக்கு வைப்பாள் என்று அவருக்குத் தெரியும். குடித்தார். தன் இடத்துக்குப் போய் முபாரக்கைக் கூப்பிட்டு, தூக்கிரு தம்பி என்றார். தூக்கியாச்சு சார் என்றான் அவன், சொல்லி முடிப்பதற்குள்ளேயே.

மென்பொருளை நாலாவது தடவை திறந்தார். நகைக்கடை, மிராசுதார், தலைமை ஆசிரியர், ஆறு வரைக்கும் வந்தன, ஏழு என்று எழுத்து மாறியது, எட்டு என்று மாறியது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. சேரன்மகாதேவி, நாங்குநேரி, விக்கிரமசிங்கபுரம், சின்னதும் பெரிதுமாகச் செத்தவர்களும் கல்யாணம் ஆகிறவர்களும் வரிசையாக இறங்கினார்கள். அவர் வேலையைத் தொடங்கினார், கை தன்பாட்டுக்கு அளவு பார்த்தது. தென்காசி மெயில் மூன்று முக்காலுக்கு வந்தது. படத்தைத் திறந்தார். பழைய கணினி என்பதால் ஐந்நூறு கேபிக்கே மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாகத்தான் திறந்தது. முதலில் வகிடு. பிறகு நெற்றி, திருநீறு. புருவம், ஒன்று ஒன்றைவிடக் கொஞ்சம் மேலே. கண் வந்ததும் அவர் வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினார். மூக்குத்தி மூக்குத்தியாகவே இருந்தது. ஜெராக்ஸ் கடை திறந்த அன்றைக்கு எடுத்த படம் என்று சேலையைப் பார்த்ததும் தெரிந்தது, கடைசிப் பட்டையில், வலது தோளின் மேல் நாலு விரல்கள் வந்தன, பக்கத்தில் நின்ற யாரோ தோளில் போட்ட கை, மணிக்கட்டில் பழைய எச்எம்டியின் தோல் வார். அந்தக் கடிகாரம் இப்போதும் அவர் வீட்டு மேஜை இழுப்பறையில் ஓடாமல் கிடக்கிறது. அண்ணன் படத்தை வெட்டாமல் முழுசாக அனுப்பியிருந்தார். நினைவஞ்சலிக்கு ஒரு முகம்தான் இருக்க வேண்டும், இன்னொருவர் கை கால் வரக்கூடாது, ஆகவே இரண்டு பத்தி அகலத்துக்கு வெட்டும்போது அந்த விரல்களை எடுத்துவிட்டார். பிறகு வாசகம், மாதிரி எண் மூன்று. பிறகு பெயர்கள். மகன்கள் முதலில், மருமகள்கள் பிறகு, பேரன் பேத்திகள் கடைசியில், எத்தனையோ வீடுகளுக்கு இந்த வரிசையைத் திருத்திக் கொடுத்த கை, ஆவுடையப்பன் என்பதற்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சுட்டியை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. திரையில் சுட்டி மினுக்கி மினுக்கி நின்றது. வெளியே எப்சிபா யாரிடமோ, எத்தனையாம் ஆண்டு நினைவுக்குங்கய்யா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒரு கால்புள்ளி போட்டு, பெயரை அடித்து, ஏழையும் வாய்விட்டுப் படித்தார். ஐந்துக்கு முன்னால் பக்கம் மேலே போயிற்று. அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் அச்சகத்தில் முதல் பிரதி வருகிற வரைக்கும் நின்றார். முகம் வந்திருந்தது.

2015 பிப்ரவரி 11 பிற்பகலில், உலகம்மாளின் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி தென்காசியிலிருந்து மெயிலில் வந்தது. அளவு ஐந்நூறு கேபி. எங்கும் நிற்காமல் இறங்கியது. கீழே ஏழு பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. இரண்டாவது பெயர் கோமதிநாயகம்.